பரணில் கிடக்கும் மூல ஏடுகள்
(பழைய நெகட்டிவ்களையும் ஸ்லைடுகளையும் வீட்டிலேயே எண்வடிவாக்கிக் காக்கும் முறை)

கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் வரலாற்றுச் சான்றுகள் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். இருபதாம் நூற்றாண்டின் சான்று ஒன்று தம் வீட்டுப் பரணிலேயே கிடக்கின்றது என்பதைப் பலர் அறியார். பிஸ்கட் டப்பாவுக்குள்ளோ, ஸ்டூடியோ முத்திரையிட்ட பழுப்பு உறைக்குள்ளோ, ரப்பர் வளையம் மாட்டிய சிறு சுருளாகவோ அது கிடக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் முகம் கறுத்தும் தலைமுடி வெளுத்தும் மனிதர் சிலர் தெரிவர். "யாரென்றே தெரியவில்லை" என்று சொல்லி மீண்டும் பரணில் போட்டுவிடுவோம். வீடு இடித்துக் கட்டும்போது அது குப்பையோடு போய்விடும்.

இதனை எதிர்மறைப்படம் என்று தமிழில் வழங்கலாம். ஆயின் இராஜபாளையம் கடைத்தெருவில் அச்சொல்லைச் சொல்லிக் கேட்டால் எவரும் எடுத்துத்தரமாட்டார். ஆகவே மக்கள் வழங்கும் நெகட்டிவ் என்னும் சொல்லையே இக்கட்டுரை ஏற்றுக்கொள்கிறது. ஸ்லைடு என்பது நெகட்டிவ் அன்று. நிறம் மாறாமல் நேராகவே தெரியும் படச்சுருள் துண்டு. சுமார் இரண்டு அங்குலச் சதுர அட்டைச் சட்டத்துள் அது செருகப்பட்டிருக்கும்.

மூலமும் படியும்

தமிழ் மாணவர்க்கு இதனை விளக்குவது எளிது. சுவடிப் பதிப்பில் மூல ஏடு, படி எனும் இரண்டையும் நாம் பிரித்தறிவோம். சுவரில் சட்டமிட்டு மாட்டிய காகிதப் படம் படி. நெகட்டிவே மூல ஏடு. படியெடுப்போன் ஏட்டில் உள்ளதில் சிலவற்றை விடுவதுபோலவே ஸ்டூடியோக்காரரும் காகிதத்தில் அச்சிடும்போது சிலவற்றை விட்டுவிடுவார். நெகட்டிவில் உள்ள ஒளிநிழல் வேறுபாடு முழுவதையும் காகிதம் தாங்காது. வெயிலில் நின்ற ஒருவரின் வெள்ளை வேட்டியின் மடிப்புத் தெரிய அச்சிட்டால் அவர் முகம் கருமையில் மூழ்கும். முகத்தின் வரி தெரிய அச்சிட்டால் வேட்டி வெறும் வெள்ளைத் திட்டாகும். இரண்டும் நெகட்டிவில் உண்டு.

ஓரமும் அவ்வாறே வெட்டுப்படும். நம் நாட்டில் நடுத்தரக் குடும்பங்களில் புழங்கிய அக்ஃபா கிளிக் 3 என்னும் காமிரா, 120 எண் ஃபிலிமில் 6 செ.மீ. சதுரமாகப் பன்னிரண்டு படம் எடுக்கும். அந்தச் சதுரத்தை நீள்சதுரக் காகிதத்தில் அச்சிடும்போது இரு பக்கமோ மேலும் கீழுமோ வெட்டப்பட்டுப் போகும். அப்படி வெட்டுண்ட பகுதியில் நின்றவர் யார் என்ற கேள்வியை எவரும் கேட்டதில்லை.

எம் குடும்பத்தில் 1960களின் இறுதியில் நடந்த நிக்காஹ் ஒன்றின் படம் உண்டு. காகிதப் படத்தில் மணமகனும் பெரியவர் நால்வரும் இருப்பர். இடது ஓரத்தில் கதவு நிலையைப் பற்றிய ஒரு சிறு கை மட்டும் தெரியும். ஐம்பது ஆண்டுகள் அக்கையைப் பார்த்தோம், கேள்வி எழவில்லை. நெகட்டிவை எண்வடிவாக்கியபோது முழுச் சதுரமும் கணினித் திரையில் விரிந்தது. கைக்குரிய சிறுவன் அங்கே நின்றான். ஏழு அல்லது எட்டு வயது, தலையில் பெரியவர் ஒருவரின் தொப்பி. என் பெரியம்மாவை அழைத்துக் காட்டினேன்.

"யாரு பெரியம்மா இது?"

நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எந்தம்பிதான் அத்தா. அந்த வருசமே காய்ச்சல் கண்டு மூணாம் நாளு மவுத்தாப் போயிட்டான். அவனுக்குப் படமே இல்லேன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

மூலத்தைக் காக்க வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு வாதம் எனக்குத் தேவைப்படவில்லை.

பழைய ஏடுகள் எவ்வாறு அழிந்தன என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. இராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் செல்லும் வழியில் உள்ள கரிவலம்வந்தநல்லூருக்கு உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிச் சென்றார். அங்கே கோயிலில் வைத்திருந்த வரகுணராம பாண்டியரின் ஏடுகள், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமம் செய்யவேண்டும் என்ற விதியைக் காட்டித் தீயில் இடப்பட்டுவிட்டன என்பதைக் கேட்டு அவர் மனம் நொந்தார். 'என் சரித்திர'த்தில் அதனை எழுதியுள்ளார். நெகட்டிவ்களுக்கும் அதே கதிதான் நேர்ந்தது. விதி மட்டும் வேறு. கறுப்பு வெள்ளைப் படத்தின் கருமை என்பது நுண்ணிய வெள்ளித் துகள். ஆதலால் ஸ்டூடியோக்கள் மூடப்பட்டபோது பல ஊர்களில் நெகட்டிவ்கள் வெள்ளி எடுப்பதற்காக எடைக்குப் போயின. அவற்றுக்கு முந்திய கண்ணாடித் தகடுகள் சுரண்டிக் கழுவப்பட்டுப் படச்சட்டங்களுக்குக் கண்ணாடியாயின. ஒருவர் முகத்தைக் கழுவிவிட்டு இன்னொருவர் முகத்துக்கு மேல் மாட்டிய அவலம் அது.

நிறுவனங்கள் வாளாவிருக்கவில்லை. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்து, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைக் கொண்ட தொகுப்பை உருவாக்கியது. அதே நிறுவனத்தார் 2010களில், பிரிட்டிஷ் நூலகம் 2004இல் தொடங்கிய அழிநிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழகத்தின் பழைய ஸ்டூடியோக்களையும் குடும்பங்களையும் தேடிச் சென்று எஞ்சிய படங்களை எண்வடிவாக்கினர். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள் அவர் மறைவுக்குப்பின் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அங்கே அரிய தமிழ் நூல்கள் நுண்படச் சுருளில் பதிவாயின. எனினும், திருவில்லிபுத்தூர்க் கோபுரத்தைப் படமெடுக்க வருவோர் உண்டு. கோபுரத்தின் நிழலில் இருக்கும் தெருவில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட குடும்பப் படத்தைத் தேடி எந்த நிறுவனம் வரும்? அதனை வீட்டார்தாம் செய்யவேண்டும்.

பரண் என்னும் பகை

ஃபிலிமின் அடிப்பொருள் என்ன என்பதை முதலில் அறிதல் நலம். பழைய நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பற்றும். சினிமாத் துறையில் 1950களின் தொடக்கம் வரை அது புழங்கியது. நம் வீடுகளில் பெரும்பாலும் கிடைப்பது அசிட்டேட். ஓரத்தில் 'சேஃப்டி ஃபிலிம்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் ஐயமில்லை. அசிட்டேட் அவ்வாறு எளிதில் தீப்பற்றி எரியாது. ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் தானே சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். டப்பாவைத் திறந்தவுடன் காடி மணம் வீசுவது அதனால்தான். வெளியேறிய அமிலமே மேலும் சிதைவைத் தூண்டுவதால், ஒரு சுருளில் தொடங்கியது டப்பா முழுவதும் பரவும். அமெரிக்காவில் ராசெஸ்டர் நகரில் உள்ள பட நிலைபேற்று ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 21 பாகை வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் புதிய அசிட்டேட் ஃபிலிம் ஏறத்தாழ 40 ஆண்டுகளில் காடி மணம் வீசத் தொடங்கும். சித்திரை, வைகாசியில் நம் ஓட்டுவீட்டுப் பரணின் வெப்பத்தை அந்த 21 பாகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்க்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டியதில்லை. 1970இல் எடுத்த ஒரு சுருள் இன்னும் நன்றாக இருக்கிறது என்றால் அது நம் நற்பேறு.

ஆகவே முதல் வேலை மோந்து பார்ப்பது. காடி மணமுள்ளவற்றை உடனே தனியே பிரித்து, அவற்றையே முதலில் எண்வடிவாக்க வேண்டும். நெளிந்தும் சுருங்கியும் போனவை காத்திருக்கமாட்டா. ரப்பர் வளையத்தைக் கழற்றி எறிக. அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறைப்படுத்தும். காற்றுப் புகாத பாலித்தீன் பையில் அடைத்து வைப்பது நல்லது என்று சிலர் கருதுகின்றனர். சிதையத் தொடங்கிய அசிட்டேட்டுக்கு அது தீங்கு, அமில ஆவி வெளியேற வழியின்றிப் போகும். வெள்ளைக் காகித உறையே போதும்.

வெண்மையான சிலந்தி வலைபோல் படர்ந்திருப்பது பூஞ்சணம். ஃபிலிமின் மேல் பூசப்பட்ட ஜெலட்டின் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. பூஞ்சணத்துக்கு அது உணவு. இதனை நீர்விட்டுக் கழுவினேன் ஒருமுறை; ஆர்வக் கோளாறு. பூஞ்சணம் தின்ற ஜெலட்டின் நீரில் கரையும் தன்மை பெற்றுவிடும் என்பதை அப்போது அறியேன். படம் விரலோடு வழிந்து வந்துவிட்டது. நீர் கூடாது, ஈரத்துணி கூடாது, வாயால் ஊதுதலும் கூடாது. காமிராக் கடைகளில் கிடைக்கும் ரப்பர்க் குமிழால் காற்றடித்து, மென்மயிர்த் தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்க. எஞ்சிய பூஞ்சணம் படத்தில் விழுந்தால் விழட்டும்.

எண்வடிவாக்கும் முறை

அலுவலகங்களில் காகிதம் நகலெடுக்கும் சாதாரண ஸ்கேனர் இதற்குப் பயன்படாது. அது ஒளியைக் கீழிருந்து பாய்ச்சி, திரும்பி வருவதைப் பதிவுசெய்யும். ஃபிலிமுக்கோ ஒளி ஊடுருவிச் செல்லவேண்டும். மூடியிலும் விளக்குள்ள ஸ்கேனரே தேவை. எப்சன் நிறுவனத்தின் வி600 போன்றவை 35 மி.மீ. சுருளையும் 120 எண் சுருளையும் ஏற்கும். அதனை வாங்க இயலாதோர் வீட்டிலுள்ள டிஜிட்டல் காமிராவைக் கொண்டே படியெடுக்கலாம். வெண்ணிற ஒளிப்பலகையின்மேல் நெகட்டிவை வைத்து, நெருக்கக் காட்சிக்கான மேக்ரோ லென்ஸ் பூட்டிய காமிராவை முக்காலியில் நேர்கீழாக நோக்கி நிறுத்த வேண்டும். காமிரா சாய்ந்திருக்கிறதா என்று அறிய ஓர் உபாயம்: நெகட்டிவ் இருக்கும் இடத்தில் சிறு முகக்கண்ணாடியை வைத்துக் காமிராவழியே நோக்குக. லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் தெரிந்தால் சாய்வில்லை. அறையின் பிற விளக்குகளை அணைத்துவிடுக.

கைப்பேசியும் உதவும், ஓரளவுக்கு. இன்னொரு கைப்பேசியின் திரையையே ஒளிப்பலகையாக்கி நெகட்டிவை அதன்மேல் நேரே வைத்தால், திரையின் நுண்புள்ளிகள் படத்தில் வலைபோல் விழும். இடையே பால்வெள்ளை அக்ரிலிக் தகடு ஒன்றைச் சற்று உயரத்தில் வைத்தால் இக்குறை நீங்கும். இவ்வாறு எடுத்தவை முகம் அறிவதற்குப் போதும். காலத்துக்கும் வைப்பதற்குப் போதா.

எத்துணை நுட்பமாகப் பதிவுசெய்வது? 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படத்தின் அளவு 36க்கு 24 மி.மீ. அங்குலத்துக்கு 2400 புள்ளி எனப் பதிந்தால் ஏறத்தாழ 3400க்கு 2270 புள்ளி, அதாவது 77 இலட்சம் புள்ளிகள் கிடைக்கும். 3200 எனின் ஒரு கோடியே 37 இலட்சம். கிளிக் 3 சதுர நெகட்டிவின் உண்மையான படப்பரப்பு சுமார் 56 மி.மீ. பக்கமுடையது, 2400இல் அது இரண்டு கோடியே 80 இலட்சம் புள்ளிகளாகும். அக்காமிராவின் எளிய லென்ஸுக்கு அவ்வளவு தேவையில்லை. 1200 போதும் என்பது என் அனுபவம். ஸ்கேனர் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் 6400, 9600 முதலிய எண்களை நம்பி மயங்கவேண்டா. மேசை ஸ்கேனர்களின் உண்மையான கூர்மை அவ்வெண்களுக்கு வெகு கீழேதான் நிற்கும். கோப்பின் பருமன் மட்டும் பெருகும்.

புள்ளி ஒன்றுக்கு 16 பிட் எனத் தேர்ந்தெடுத்து, டிஃப் வகைக் கோப்பாகச் சேமிக்க வேண்டும். 8 பிட்டில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே 256 படிகளே உண்டு. 16 பிட்டில் 65,536. மங்கிய நெகட்டிவைப் பின்னர்த் தெளிவாக்கும்போது இவ்வேறுபாடு தெரியும். உறவினர்க்கு அனுப்ப ஜேபெக் படி ஒன்று தனியே எடுத்துக்கொள்க. மூலக் கோப்பில் கைவைக்கலாகாது, மெருகூட்டலெல்லாம் படியில்தான்.

ஸ்கேனர்களில் தூசியைத் தானே நீக்கும் வசதி உண்டு. அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தித் தூசி எது, படம் எது என்று பிரித்தறியும் முறை அது. வண்ண நெகட்டிவில் நன்கு பயன்படும். கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளித் துகளும் அக்கதிரை மறைப்பதால், இயந்திரம் மனிதரையே தூசி எனக் கருதி அழிக்கத் தொடங்கிவிடும். அணைத்து வைப்பதே நன்று.

வண்ண நெகட்டிவின் செம்மஞ்சள் நிறத்தைக் கண்டு கெட்டுப்போயிற்று என எண்ணுவோர் உளர். சாயங்களின் இயல்பான குறையை ஈடுசெய்யத் தயாரிப்பாளர் வேண்டுமென்றே வைத்த திரை அது. ஸ்கேனரின் மென்பொருள் அதனைக் கழித்துவிடும். ஸ்லைடுக்கு இத்தொல்லை இல்லை. கோடக்குரோம் ஸ்லைடு இருட்டில் வைத்திருந்தால் அரைநூற்றாண்டு கழிந்தும் நிறம் மாறாதிருக்கும். வேறு பலவற்றில் நீலமும் பசுமையும் போய்ச் சிவப்பே எஞ்சும். 1935இல் வந்த கோடக்குரோமின் உற்பத்தி 2009இல் நின்றது. அதனைக் கழுவித்தந்த கடைசிக் கூடமும் 2010 டிசம்பரோடு அப்பணியை நிறுத்தியது. நம் உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையும் மூடப்பட்டுவிட்டது. 'இந்து' ஃபிலிம் என்றால் இன்றைய மாணவர்க்குத் தெரியாது. அவர்தம் பாட்டனாரின் எக்ஸ்ரே படம் அதில்தான் எடுக்கப்பட்டிருக்கும்.

ஸ்லைடு என்றவுடன் திரையரங்கு நினைவுக்கு வரும் வயதினர் இன்னும் இருக்கின்றனர். இடைவேளையில் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை விளம்பரங்களைக் காட்டிய கண்ணாடி ஸ்லைடுகள் பல கையால் எழுதப்பட்டவை. நம் ஊர்க் கடைவீதியின் எழுத்துக்கலை அவற்றில் இருந்தது. எவர் வீட்டிலேனும் ஒன்று கிடைத்தால் அதனையும் படியெடுக்க.

படம் இடவலம் மாறிப் பதிவாவது தொடக்கநிலையாளர் செய்யும் பிழை. ஓரத்து ஆங்கில எழுத்து நேராகப் படிக்கும்படி வைத்தால் தவறாது. திரையில் வந்தபின் ஐயம் எழுந்தால் சட்டைப்பையைப் பாருங்கள், அது இடப்பக்கம் இருக்கவேண்டும். பெண்டிரின் முந்தானை இடத்தோளில் கிடக்கவேண்டும்.

சொன்னவர் யார்?

இதுவரை கூறியவை ஒரு வாரத்தில் கற்கக்கூடியவை. இனிக் கூறுவதற்குத்தான் காலம் குறைவு. படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லக்கூடியோர் எண்பதைக் கடந்துவிட்டனர். நெகட்டிவ் இன்னும் பத்தாண்டு தாங்கலாம். அவர்கள் தாங்குவரா என்பதை இறைவனே அறிவான். ஆகவே எல்லாச் சுருளையும் எண்வடிவாக்கி முடித்தபின் பெரியவர்களிடம் கேட்கலாம் எனக் காத்திராமல், ஒரு சுருள் முடிந்தவுடன் கேட்கவேண்டும்.

கேட்டதைப் பதியும் முறையை நாம் வெளியே தேடவேண்டியதில்லை. ஹதீஸ் கலையில் மத்ன் எனும் செய்தியும், இஸ்னாத் எனும் அறிவிப்பாளர் தொடரும் சேர்ந்தே நிற்கும். யார் யாரிடம் கேட்டுச் சொன்னார் என்பது இல்லாத செய்திக்கு மதிப்பில்லை. ஹிஜ்ரி 256இல் மறைந்த இமாம் புகாரி அவர்கள் ஒவ்வொரு செய்திக்கும் அத்தொடரைப் பதிந்துவைத்த ஒழுங்கை நம் குடும்பப் படங்களுக்குக் கைக்கொண்டால் என்ன? 'வலப்பக்கம் நிற்பவர் பெரிய நன்னா' என எழுதினால் போதாது. சொன்னவர் யார், அவர் நேரில் கண்டவரா கேள்விப்பட்டவரா, எந்நாளில் எவரிடம் சொன்னார் என்பதும் எழுதப்பட வேண்டும். இருவர் வெவ்வேறு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதுக. நாமாக ஒன்றைத் தள்ளிவிடலாகாது. சுவடிப் பதிப்பில் பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் தருகிறோம் அல்லவா?

கோப்புக்குப் பெயரிடுவதில் சிக்கனம் வேண்டும். 'சுருள் 3, படம் 7' என்னும் எண்ணே கோப்பின் பெயர். அதே எண்ணை உறையின்மேல் பென்சிலால் எழுதி, குறிப்பேட்டிலும் எழுதினால் மூன்றும் ஒன்றையொன்று காட்டும். பெரியவர் பேசுவதைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்தால் இன்னும் நன்று. பெயருக்காகத் தொடங்கும் பேச்சு, பஞ்சாலைச் சங்கு, மீட்டர்கேஜ் வண்டி, ரேஷன் அரிசி என எங்கெங்கோ செல்லும், செல்லட்டும்.

ஆளறிவார் எவரும் இல்லாத படத்துக்கு அதனுள்ளேயே காலக்குறிப்பைத் தேடலாம். இங்குத் தமிழ் மாணவரின் கண் பயன்படும். ஸ்டூடியோ உறையில் இராமநாதபுரம் மாவட்டம் என்றிருந்தால் அவ்வுறை பெரும்பாலும் 1985க்கு முந்தியது. அவ்வாண்டில்தான் இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் புதிய மாவட்டத்துள் சேர்ந்தன. 626 எனத் தொடங்கும் அஞ்சல் எண் இருந்தால் 1972க்குப் பிந்தியது. பலகையில் சென்னை மாநிலம் என்றிருந்தால் 1969க்கு முந்தியதாக இருக்கவேண்டும். 'லை', 'னை' முதலியன பழைய கொம்போடு எழுதப்பட்டிருந்தால் 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் எழுதிய பலகையாகலாம். பலகை பழையதாகவே நின்று படம் பின்னர் எடுக்கப்பட்டிருக்கலாமாதலின் இதனை உறுதிச் சான்றாகக் கொள்ளலாகாது. விருதுநகர் தென்காசிப் பாதையில் 1927இல் ஓடத் தொடங்கிய மீட்டர்கேஜ் வண்டி பின்னணியில் தெரிந்தால், பாதை அகலமான 2000களின் முற்பாதிக்கு முந்திய படம் அது. கோடக் ஸ்லைடுச் சட்டங்கள் பலவற்றில் கழுவிய மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்துச் சபராளிகள் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் கொண்டுவந்த பெட்டிகளில் அத்தகையன இருக்க வாய்ப்புண்டு.

அமானிதம்

மூத்தோர் சிலர்க்கு இப்பணியில் தயக்கம் உண்டு, அத்தயக்கம் மதிக்கத்தக்கது. உருவப்படம் பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்துவேறுபாடு இருந்துவந்துள்ளது. பல குடும்பங்களில் பெண்டிர் படமே எடுத்துக்கொண்டதில்லை; ஹஜ் பயணத்துக்கான கடவுச்சீட்டுக்காக ஸ்டூடியோவில் எடுத்த ஒரே படம்தான் அவர்கள் விட்டுச்சென்றது. 1995 வரை கப்பலில் ஹஜ்ஜுக்குச் சென்றோரின் தலைமுறை அது. கடவுச்சீட்டு தொலைந்திருக்கும், காகிதப்படம் கரைந்திருக்கும், ஸ்டூடியோ நெகட்டிவ் ஒன்றே அம்முகத்துக்குச் சான்று. அந்நெகட்டிவ்தான் வெள்ளிக்காக எடைக்குப் போனது.

லெபனான் நாட்டின் சைதா நகரில் ஹாஷிம் அல் மதனி என்னும் புகைப்படக் கலைஞர் இருந்தார். அவர்தம் நெகட்டிவ்கள், 1997இல் பெய்ரூட்டில் தொடங்கப்பட்ட அரபுப் பட நிறுவனத்தின் வாயிலாக உலகறிந்தன. அவர் சொன்ன செய்தி ஒன்று நெஞ்சை விட்டகலாது. ஒரு பெண் தன் கணவனிடம் சொல்லாமல் அவர் ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டாள். சினங்கொண்ட கணவன் நெகட்டிவைக் கேட்டு வந்தான். சுருளில் பிறர் படங்களும் இருந்ததால் மதனி தர மறுத்தார். முடிவில், கணவன் முன்னிலையில் ஊசியால் அவள் படங்களின்மேல் கீறிச் சிதைத்தார். சில ஆண்டுகளுக்குப்பின் அவள் தீயில் மாண்டாள். அதே கணவன் மீண்டும் வந்தான்; கீறிய அந்நெகட்டிவ்களிலிருந்தாவது படம் பெரிதாக்கித் தரமுடியுமா என்று கேட்டு நின்றான்.

மறைக்க விரும்புவது வேறு, அழிப்பது வேறு என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக்குகிறது. ஒருவர் நம்பித் தந்த நெகட்டிவ் அமானிதம். அதில் உள்ள பெண்டிர் படங்களை அவர்களோ அவர்தம் மக்களோ இசையாமல் வாட்ஸ்அப் குழுவில் இடுவது அமானித மோசடி. ஆயின் பதிந்து, உறையிட்டு, குடும்பத்தார் மட்டும் காணுமாறு வைப்பதில் மோசடி ஏதுமில்லை. எம் குறிப்பேட்டில் இதற்கெனத் தனிக் கட்டம் ஒன்று உண்டு: 'யார் பார்க்கலாம்?' பெரியவர் சொல்வதை அப்படியே எழுதிவிடுவோம்.

மாணவர் பிறர் வீட்டு நெகட்டிவை வாங்கிவந்து எண்வடிவாக்கும்போது, எத்தனை துண்டு, எத்தனை படம் என்று எண்ணி எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்க. ஒரு வீட்டுப் படம் இன்னொரு வீட்டு உறைக்குள் போவது மிக எளிது.

எண்வடிவாக்கிவிட்டோம், இனி நெகட்டிவ் எதற்கு என்று கேட்போர்க்குக் கரிவலம்வந்தநல்லூரை மீண்டும் நினைவூட்டுவேன். ஏடுகளுக்கு அங்கே படியும் இல்லை. நமக்குப் படி உண்டு. ஆனால் அப்படி இருக்கும் வன்தட்டு ஒருநாள் சொல்லாமல் நின்றுவிடும். ஓலையைத் தலைமுறைக்கொரு முறை படியெடுத்துக் காத்ததுபோலவே இதனையும் ஐந்தாறு ஆண்டுக்கொரு முறை புதிய தட்டுக்கு மாற்றவேண்டும். ஒரு படி வீட்டில், ஒரு படி வெளியூரில் உள்ள உடன்பிறந்தார் வீட்டில், ஒன்று இணையச் சேமிப்பில் என மூன்றாக வைத்தல் நன்று. நாளை இன்னும் சிறந்த கருவி வரும். மூலம் கையில் இருந்தால் மறுபடி எடுக்கலாம்.

வைக்கும் இடம் பரண் அன்று. சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும் அன்று. வீட்டின் நடு அறையில், வெயில் படாத சுவரோரம் நிற்கும் பீரோவின் கீழ்த்தட்டு போதும். காடி மணமுள்ளவை அதிலும் தனிப்பெட்டியில் இருக்கட்டும். புதிய வெள்ளை உறையில் இடும்போது ஸ்டூடியோவின் பழைய பழுப்பு உறையை எறிந்துவிடலாகாது. அதன்மேல் பென்சிலால் எழுதிய பில் எண்ணும் தேதியும், எத்தனை காப்பி என்ற கணக்கும் இருக்கும். எம் நிக்காஹ் படத்தின் உறையில் 'மூன்று காப்பி' என்றிருந்தது. மற்ற இரண்டும் யார் வீட்டில் உள்ளன என்று பெரியம்மா யோசித்துக்கொண்டிருக்கிறார்.